புலன்களின் பசியறிந்த மரியா மொன்டிசோரி அம்மையார்

நமது நாட்டில் சிறு பிள்ளைகள் செல்லும் பாலர் பாடசாலையை மக்கள் பெரும்பாலும் 'மொன்டிசோரி' என்றே அழைப்பர். பிள்ளையை மொன்டிசோரியில் விட்டுவிட்டு வருவதாகத் தாய்மார் சொல்வது அன்றாட வழக்கம். அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதையோ, அப்பெண்மணி 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார் என்பதையோ அறிந்தவர் சிலரே. அவருடைய பணி வசதியான வீட்டுப் பிள்ளைகளிடையே தொடங்கவில்லை. எவராலும் படிப்பிக்க இயலாதென்று கைவிடப்பட்ட பிள்ளைகளிடையே தொடங்கியது என்பதை அறிந்தவர் இன்னும் சிலரே.

அவ்வரலாற்றை இன்று நினைவுகூர்வதற்குத் தக்க காரணமுண்டு. எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும், மணி அடித்தவுடன் இரு காதுகளையும் பொத்திக்கொள்ளும் ஒரு பிள்ளையைக் காணலாம். வாங்கில் ஐந்து நிமிடம் இருக்கமாட்டாத பிள்ளை, புதுச் சட்டையின் கழுத்துப்பட்டி உரசினால் அழும் பிள்ளை, விரலில் பசை ஒட்டினால் அருவருத்து எழுந்தோடும் பிள்ளை, பென்சிலைக் கடித்துக்கொண்டே இருக்கும் பிள்ளை, வரிசையில் நிற்கையில் அயலிலுள்ளவர் மேல் மோதிக்கொண்டே இருக்கும் பிள்ளை எனப் பல வகையினர் உளர். குழப்படி, பிடிவாதம், செல்லம் என்று இவர்களுக்கு நாம் பெயரிட்டுவிடுகிறோம். பெற்றோர் வெட்கப்படுகின்றனர், பிள்ளை அடி வாங்குகிறது. இத்தகைய பிள்ளைகளில் பலர், புலன்கள் கொண்டுவரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்துவதில் சிரமப்படுகின்றனர் என்று இன்றைய வைத்தியரும் சிகிச்சையாளரும் கூறுகின்றனர். மொன்டிசோரி அம்மையார் காலத்தில் இந்தப் பெயர் வழக்கில் இல்லை. எனினும் பிள்ளையின் நடத்தையைக் குற்றமாகக் காணுமுன், அதன் புலன்கள் எதை நாடுகின்றன, எதைத் தாங்க மாட்டாமல் தவிக்கின்றன என்று பார்க்கும் கண்ணை ஆசிரியர்களுக்குத் திறந்துவிட்டவர்களுள் அவர் முதன்மையானவர்.

வைத்தியத் துறையில் ஒரு பெண்

மரியா மொன்டிசோரி 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியில் அங்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகத்தர். தாயார் ரெனில்டே வாசிப்பிலும் கல்வியிலும் ஆர்வம் மிக்கவர். மரியா ஐந்து வயதாயிருக்கையில் குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. பெண்பிள்ளைகள் ஆசிரியைகளாவதே உச்சம் எனக் கருதப்பட்ட அக்காலத்தில், அவர் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பாடசாலையிற் சேர்ந்து கணிதம் படித்தார். முதலில் பொறியியலை நாடியவர், பின்னர் வைத்தியராக வேண்டுமென உறுதிகொண்டார். தந்தையாருக்கு அது விருப்பமில்லை. தாயாரோ மகளுக்குத் துணைநின்றார்.

பல்கலைக்கழகத்தில் அவர் பட்ட சிரமங்கள் பல. ஆண் மாணவருடன் சேர்ந்து ஒரு பெண் பிரேதப் பரிசோதனை செய்வது தகாது எனக் கருதப்பட்டமையால், மற்றவர் சென்ற பின்னர் தனியாக நின்றே அப்பாடத்தைப் பயின்றார். 1896ஆம் ஆண்டு பட்டம் பெற்று, இத்தாலியில் வைத்தியப் பட்டம் பெற்ற முதற் பெண்கள் சிலருள் ஒருவரானார். அதே ஆண்டில் பேர்லின் நகரில் நடந்த மகளிர் மகாநாட்டில் கலந்து, பெண் தொழிலாளருக்கும் சம ஊதியம் வேண்டுமெனப் பேசினார்.

வெறுமையான அறை

பட்டம் பெற்ற பின்னர் பல்கலைக்கழகத்தின் மனநோய்ப் பிரிவிற் பணியாற்றுகையில், ரோமாபுரியிலிருந்த மனநோயாளர் விடுதிகளுக்குச் செல்லும் கடமை அவருக்கு நேர்ந்தது. அந்நாட்களில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும், பேசாத பிள்ளைகளும், வலிப்புள்ள பிள்ளைகளும் வயதுவந்த மனநோயாளருடன் சேர்த்து அடைக்கப்பட்டிருந்தனர். அத்தகைய ஓர் அறையில் அவர் கண்ட காட்சியே அவருடைய வாழ்வின் போக்கை மாற்றியதென்பர். அறையில் விளையாட்டுப் பொருளோ, படமோ, கையில் எடுத்துப் பார்க்கத்தக்க யாதொன்றுமோ இல்லை. உணவு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் விழுந்து சிந்திய பாண் துணிக்கைகளைப் பொறுக்கினர். அவர்களைப் பார்த்துவந்த மாது அதனை அருவருப்போடு எடுத்துச் சொன்னாள். பேராசை என்பது அவள் முடிபு.

இளம் வைத்தியரோ சற்று நின்று கவனித்தார். பிள்ளைகள் அத்துணிக்கைகளை உண்பதைவிட விரல்களால் உருட்டிப் பார்ப்பதிலேயே ஈடுபட்டிருந்தனர். வயிற்றுக்கு உணவு கிடைத்திருந்தது. கைகளுக்கும் கண்களுக்கும் காதுகளுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் பொறுக்கியது புலன்களின் பசியினால் என்று அவர் உணர்ந்தார். அந்த மாதும் வைத்தியரும் கண்டது ஒரே செயலைத்தான். ஒருவர் அதைக் குற்றமாகக் கண்டார். மற்றவர் அதைத் தேவையாகக் கண்டார். இன்றும் வகுப்பறையில் ஒரு பிள்ளையின் விதி இந்த வேறுபாட்டிலேயே தங்கியிருக்கிறது.

இத்தார்டும் செகேனும்

தாம் கண்டதற்கு விளக்கம் தேடிய அம்மையாருக்கு, முன்னோடிகளாகிய இரு பிரெஞ்சு வைத்தியர்களின் எழுத்துக்கள் கிடைத்தன. முதல்வர் ஜோன் இத்தார்ட். 1800ஆம் ஆண்டு பிரான்சின் தெற்கே அவேரோன் பகுதிக் காட்டில், தனியே திரிந்து வளர்ந்த ஒரு சிறுவன் பிடிபட்டான். பரிஸ் நகரில் காதுகேளாதோர் நிலையத்தின் வைத்தியரான இத்தார்ட் அவனைப் பொறுப்பேற்று, விக்டர் எனப் பெயரிட்டார். அவன் பின்னால் துப்பாக்கி வெடித்தாலும் திரும்பமாட்டான். ஆனால் அவனுக்குப் பிரியமான வாதுமை வகைக் கொட்டையொன்றை யாரேனும் மெல்ல உடைத்தால் உடனே திரும்பிப் பார்ப்பான். காது கேளாமை அவனுடைய குறையல்ல. கேட்டவற்றுள் எது தனக்குரியது எனத் தெரிந்தெடுக்கும் முறையே வேறாயிருந்தது. இத்தார்ட் சில ஆண்டுகள் பொறுமையோடு அவனுடைய புலன்களை ஒவ்வொன்றாகப் பயிற்றினார். பேச்சு வரவில்லை, ஆயினும் சிறுவன் பல வகையில் முன்னேறினான்.

இரண்டாமவர் அவருடைய மாணவரான எதுவார்ட் செகேன். தசைகளின் இயக்கமும் உடலின் சமநிலையும் முதலில் பயிலப்படவேண்டும். அதன்பின் தொடுகை, கேள்வி, பார்வை. அவற்றின் வழியாகவே எண்ணமும் எழுத்தும் என்று அவர் ஒரு முறையை வகுத்தார். ஏணி, ஊஞ்சல், மரத்தாலான வடிவப் பலகை முதலியவை அவருடைய பாடநூல்கள். இவ்விருவரின் நூல்களையும் மொன்டிசோரி அம்மையார் அச்சிற் படித்ததோடு நில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எண்ணிப்பார்க்கும் பொருட்டுத் தமது கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிக்கொண்டார்.

1900ஆம் ஆண்டு ரோமாபுரியில் இத்தகைய பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் கலாசாலை திறக்கப்பட்டது. அதை வைத்தியர் ஜுசெப்பே மொன்டெசானோவும் அவரும் இணைந்து நடத்தினர். பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருந்து, இரவில் குறிப்பெழுதி, புதிய கருவிகளைச் செய்வித்தார். உதவாதவர் எனத் தள்ளப்பட்ட அப்பிள்ளைகளிற் சிலர் எழுதவும் வாசிக்கவும் கற்று, சாதாரண பிள்ளைகள் எடுக்கும் பொதுப் பரீட்சையில் தேறினர். ஊர் வியந்தது. அம்மையாரின் மனதிலோ வேறொரு கேள்வி எழுந்தது. இப்பிள்ளைகளே இவ்வளவு தூரம் வரக்கூடுமாயின், சுகதேகிகளான பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகள் இவ்வளவு தாழ்வில் வைத்திருப்பதேன் என்பதே அக்கேள்வி.

அக்காலத்தில் அவருடைய சொந்த வாழ்வில் ஒரு பெருந்துயரும் இருந்தது. 1898இல் அவருக்கும் மொன்டெசானோவுக்கும் மரியோ என்னும் மகன் பிறந்தான். விவாகம் நடைபெறவில்லை. அக்காலச் சமுதாயத்தின் கண்டிப்பினால் குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. பிறர் பிள்ளைகளுக்காக உழைத்த அத்தாய், தம் பிள்ளையை இடையிடையே சென்று காணும் விருந்தினராகவே இருந்தார். தமது தாயார் 1912இல் இறந்த பின்னரே, பதின்மூன்று பதினான்கு வயதைக் கடந்த மகனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். அதன்பின் இருவரும் பிரியாமல் ஒரே பணியில் வாழ்ந்தனர்.

சான் லொரென்சோ

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, மூவரசர் திருநாளன்று, ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவருடைய முதலாவது 'பிள்ளைகளின் வீடு' திறக்கப்பட்டது. தாய் தந்தையர் வேலைக்குச் செல்ல, ஏறக்குறைய ஐம்பது சிறுவர் படிகளிலும் முற்றத்திலும் திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். கட்டடத்துக்குரியோர் அவர்களை ஓர் அறையிற் சேர்த்து வைக்க எண்ணி அம்மையாரை அழைத்தனர். அழுதுகொண்டும் அஞ்சிக்கொண்டும் வந்த பிள்ளைகளுக்கு அவர் முதலிற் செய்தது அறையை மாற்றியதே. ஆணியடித்த நீண்ட வாங்குகளுக்குப் பதிலாக, பிள்ளையே தூக்கி நகர்த்தத்தக்க சிறு மேசைகளும் கதிரைகளும் வந்தன. தரையில் விரித்து வேலைசெய்யச் சிறு பாய்கள் வந்தன. அப்பாயின் எல்லைக்குள் மற்றொருவர் நுழைதலாகாது. நீர் வார்த்தல், மேசை கழுவுதல், பெருக்குதல், சுமந்து செல்லுதல் ஆகிய வீட்டுவேலைகள் பாடங்களாயின.

புலன்களுக்கென அவர் செய்வித்த கருவிகளில் ஒரு சிறந்த ஒழுங்கைக் காணலாம். ஒரு கருவியில் ஒரு குணமே வேறுபடும். இளஞ்சிவப்புக் கோபுரத்தின் பத்துக் கட்டைகளும் ஒரே நிறம், ஒரே வடிவம். ஒரு சென்றிமீற்றர் முதல் பத்துச் சென்றிமீற்றர் வரை பருமன் மட்டுமே மாறும். சொரசொரப்பும் வழுவழுப்பும் அறியும் பலகைகள், குலுக்கிக் கேட்கும் ஒலிப் பெட்டிகள், நிறத் தகடுகள், பாரம் அறியும் தகடுகள், அரத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்கள் எனப் பல. ஒரே வேளையில் பல செய்திகள் வந்து மோதும்போது தடுமாறும் பிள்ளைக்கு, ஒரு வேளையில் ஒரு செய்தியைத் தெளிவாகக் கொடுப்பது எத்துணை ஆறுதல் என்பதை எண்ணிப்பாருங்கள். அறிவு புலன்களின் வாயிலாகவே உள்ளே நுழைகிறது என்று புனித தோமஸ் அக்குவீனாஸ் கற்பித்ததை அம்மையார் வகுப்பறையில் நடைமுறையாக்கினார் எனலாம்.

அங்கே அவர் கவனித்த சம்பவங்கள் சில உலகறிந்தவை. மூன்று வயதளவான சிறுமியொருத்தி மர உருளைகளை அவற்றின் துளைகளிற் பொருத்தும் வேலையை நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிலும் பிள்ளைகள் பாடினர், அவளைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தனர், அவள் தலைநிமிரவில்லை. முடித்தபோது களைப்பின்றி, இளைப்பாறி எழுந்தவள்போற் புன்னகைத்தாள். பிள்ளை ஒரே செயலைத் திரும்பச் செய்வதைப் பயனற்றதெனத் தடுத்தலாகாது என்பதை அம்மையார் அன்று கற்றுக்கொண்டார்.

மற்றொரு நாள், நான்கு மாதக் குழந்தையொன்றை வகுப்புக்குள் எடுத்துவந்து, அது எவ்வளவு அமைதியாயிருக்கிறதெனக் காட்டினார். பிள்ளைகள் அக்குழந்தையைப் போலவே அசையாதிருக்க முயன்றனர். முன்பு கேளாத சிறு ஒலிகள் அப்பொழுது கேட்கத் தொடங்கின. பின்னர் அவர் அடுத்த அறையில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் மெல்லிய குரலில் அழைக்க, அழைக்கப்பட்டவர் ஓசையின்றி எழுந்து வந்தனர். பிரம்பைக் காட்டிப் பெறும் மௌனமன்று அது. பிள்ளைகள் விரும்பித் தேடிய மௌனம்.

இன்னொரு நாள் கைக்குட்டையால் மூக்கை ஓசையின்றித் துடைக்கும் விதத்தை அவர் பாடமாகக் காட்டியபோது, பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தனர். அவர்களை அதுவரை எல்லோரும் அதற்காக ஏசியிருந்தனர். எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

1908ஆம் ஆண்டின் இறுதியில் மெசினா நகரை அழித்த பூமியதிர்ச்சியில் அநாதைகளான ஏறக்குறைய அறுபது சிறுவர் ரோமாபுரியில் மரியாயின் பிரான்சிஸ்கு மிஷனரிக் கன்னியர் மடத்திற் சேர்க்கப்பட்டனர். 1877இல் தமிழகத்தின் உதகமண்டலத்தில் தொடங்கிய சபையே அது. அதிர்ச்சியாற் பேச்சிழந்து, உண்ணாமலும் உறங்காமலும் இரவில் அலறிய அச்சிறுவர், ஒழுங்கான, அமைதியான, கைகளுக்கு வேலை தரும் அச்சூழலிற் படிப்படியாகத் தேறினர். இம்முறைகளை விளக்கி அம்மையார் 1909இல் வெளியிட்ட நூல் விரைவிற் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. பின்னர் பார்சலோனா நகரில் பிள்ளைகளுக்கெனத் தனி வழிபாட்டு அறை அமைத்து, திருப்பலிக்கு வேண்டிய கோதுமையையும் திராட்சையையும் அவர்கள் கையாலேயே பயிரிடச் செய்தார்.

சென்னையும் கொழும்பும்

இத்தாலியை ஆண்ட முசோலினி தொடக்கத்தில் இப்பாடசாலைகளை ஆதரித்தார். பிள்ளைகளைத் தமது ஆட்சிக்கேற்ப வார்க்க முனைந்தபோது அம்மையார் இணங்கவில்லை. 1934இல் அவர் தாய்நாட்டைத் துறக்க நேர்ந்தது. 1936இல் உள்நாட்டுப் போரினால் ஸ்பெயினையும் விட்டு ஒல்லாந்து சென்றார். 1939ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரம்மஞான சபையின் அழைப்பையேற்று மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்து, ஏறக்குறைய முந்நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சியைத் தொடங்கினார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானிய அரசு மரியோவைச் சிறைமுகாமுக்கு அனுப்பி, தாயாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி, அவருடைய எழுபதாவது பிறந்தநாட் பரிசாக, மகன் விடுதலை செய்யப்பட்டான். பின்னர் சில ஆண்டுகள் இருவரும் கொடைக்கானலில் வாழ்ந்தனர். 1944இல் இலங்கைக்கு வந்து அம்மையார் ஆற்றிய விரிவுரைகளைத் தழுவி ஏ. ஞானப்பிரகாசம் என்பார் தொகுத்த நூல் கொழும்பில் வெளிவந்தது.

1949இல் ஐரோப்பாவுக்குத் திரும்பிய அவர், சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மும்முறை பெயர் குறிக்கப்பட்டார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி ஒல்லாந்தின் கடற்கரை ஊராகிய நோர்ட்வைக்கில் தமது 81ஆவது வயதிற் காலமாகி, அங்குள்ள கத்தோலிக்க சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்றைய வகுப்பறைக்கு

அம்மையார் செய்தவை யாவும் இன்று ஏற்கத்தக்கவையல்ல. தலையின் அளவைக்கொண்டு அறிவை ஆராய்ந்த அக்கால மானிடவியலின் செல்வாக்கு அவருடைய தொடக்க எழுத்துக்களில் உண்டு. அவருடைய கருவிகள் எந்த நோய்க்கும் மருந்துமல்ல. அவர் இறந்து பல ஆண்டுகளின் பின்னர், அமெரிக்கரான ஜீன் அயர்ஸ் அம்மையார், மூளை புலச் செய்திகளை ஒன்றிணைக்கும் விதத்தை ஆராய்ந்து 1972இல் நூலொன்றை வெளியிட்டார். ஐம்புலன்களோடு, உட்காதிலுள்ள சமநிலை உணர்வும், தசைகளிலும் மூட்டுக்களிலுமுள்ள உடலுணர்வும் கற்றலுக்கு அடிப்படை என்று அவர் காட்டினார். இச்சிரமத்தைத் தனியொரு நோயென்று பெயரிடலாமா என்பதில் வைத்தியரிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது பெரிதும் காணப்படுவது ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. பெயர் எதுவாயினும், பிள்ளையின் தவிப்பு மெய்யானது.

எனவே இத்தகைய பிள்ளை இருக்குமாயின், முதலில் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் பரிசோதிப்பித்தல் வேண்டும். தொழில்வழிச் சிகிச்சையாளர் உள்ள வைத்தியசாலையாயின் அவரையும் காணலாம். வகுப்பிலோ செலவின்றிச் செய்யத்தக்கவை பல. சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளையை வாசலுக்கும் மின்விசிறிக்கும் விலகி இருத்தலாம். மணி அடிக்குமுன் அதன் காதிற் சொல்லிவைக்கலாம். இருக்கமாட்டாத பிள்ளையிடம் கொப்பிக் கட்டைச் சுமந்துவரவும், கரும்பலகையைத் துடைக்கவும், தண்ணீர் எடுத்துவரவும் ஒப்படைக்கலாம். தசைகள் வேலைசெய்த பின்னர் சில பிள்ளைகள் ஓரளவு அமைதியடைவதைக் காணலாம். பசையைத் தொட மறுக்கும் பிள்ளைக்கு ஒரு சிறு குச்சியைக் கொடுக்கலாம். சுவரெங்கும் படங்களை நிறைக்காமல் ஒரு பக்கத்தை வெறுமையாய் விடலாம். சொல்வதை ஒவ்வொன்றாகச் சொல்லலாம். மனம் கலங்கும் வேளையில் தண்டனையாக அல்லாது ஆறுதலாகச் சென்றிருக்க ஒரு மூலையை ஒதுக்கலாம். எது தன்னை வருத்துகிறதெனச் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பற்றி அதன் தாயிடம் கேட்டறிதல் எல்லாவற்றிலும் முக்கியம்.

பெற்றோரும் தம் பிள்ளையின் இயல்பை ஆசிரியருக்கு மறையாது சொல்லவேண்டும். அது குடும்பத்துக்கு இழுக்கல்ல. மொன்டிசோரி என்னும் பெயர்ப்பலகை நமது ஊர்களில் எத்தனையோ வாசல்களில் தொங்குகிறது. அப்பெயருக்குரியவர் ரோமாபுரியின் அந்த வெறுமையான அறையில் செய்தது ஒன்றே: தரையிற் குனிந்து துணிக்கை பொறுக்கிய பிள்ளைகளை ஏசுமுன், அவர்களுடைய விரல்கள் என்ன செய்கின்றனவென்று பார்த்தார். நாளைக் காலையில் மணி அடிக்கும்போது காதைப் பொத்தும் பிள்ளை, தன் ஆசிரியையிடம் எதிர்பார்ப்பதும் அதுவே.